படியில் விழாத கணுக்கால்

உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டேப் ரோலும் கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு டீயும். டீயில் சர்க்கரை இல்லை. ஓய்வு பெற்ற அம்மாவுக்கு எப்படியும் சுகர் இருக்கும் என்று உங்களில் யாரோ முடிவு செய்திருக்கிறார். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. ஆளைப் பார்க்காமல் நோயை முடிவு செய்தவர் யாரோ, அவர் போய் இன்னொரு டீ கொண்டுவரட்டும், அதற்குள் நான் ஆரம்பிக்கிறேன்.

இந்தக் கால்பந்து கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிசியோக்களிடம், இங்கே ரொம்ப நாள் பிசியோவாக இருந்த என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சாம்சன். உங்களுக்கு அவர் உதவிப் பயிற்சியாளர், எனக்கு என் மேசையில் படுத்து அழுத பையன். வருஷம் முழுக்க அரைக்கால் சட்டையில் திரிகிற ஆள், இன்று என்னவோ ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பொங்கல் லீவு முடிந்து வந்த மரியாதை போலிருக்கிறது.

நான் சொல்லப்போவது அவர் கணுக்காலைப் பற்றித்தான். சொல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்ச கதைக்கா, நீ தாராளமா சொல்லு" என்றார். நோயாளியின் அனுமதி கிடைத்துவிட்டது, குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த சீசனை இந்த கிளப்பில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. மழையோடு தொடங்கியது. திருவிடந்தையில் சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கும் இதே பயிற்சி மைதானத்தில், கார்த்திகை முழுக்கத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் எங்களுக்குக் கோல் விழ ஆரம்பித்தது. வெளியூர் ஆட்டங்களில் தோற்றோம், சொந்த மைதானத்தில் தோற்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்து டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே எங்கள் பஸ் மாட்டிக்கொண்டு, ஆட்டத்துக்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அதிலும் தோற்றோம். தை பிறந்தபோது லீக்கில் எங்களுக்குக் கீழே ஒரே ஒரு அணிதான் இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். அதில் ஜெயித்தால் அடுத்த வருஷமும் மேல்பிரிவு, இல்லையென்றால் கீழ்ப்பிரிவு.

அந்த நிலைமையிலும் பொங்கலுக்கு லீவு விட்டார்கள். விடவில்லை என்றால் பாதிப் பேர் சொல்லாமல் போயிருப்பார்கள், அதனால் சொல்லியே அனுப்பினார்கள்.

லீவுக்கு முன் கடைசிப் பயிற்சி முடிந்ததும் கோச் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார். வடசென்னையில் பிறந்து வளர்ந்த மனிதர். தொண்டை பெரிது, மனசு அதைவிடப் பெரிது, தொந்தி இரண்டையும்விடப் பெரிது. தொந்தியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"ஊருக்குப் போறீங்க, நல்லா துண்ணுங்க, தூங்குங்க. செவன்ஸ் கிவன்ஸ்னு எவனாவது வயல்ல எறங்குனான்னு தெரிஞ்சிது, அன்னிக்கே காண்ட்ராக்ட் கட்டு. நானே கிழிச்சிக் கைல குடுப்பேன்."

வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். செவன்ஸ் என்பது அணிக்கு ஏழு பேராக ஆடும் ஊர்ப் பந்தயம். செய்யூர் பக்கத்தில் காணும் பொங்கலன்று, அறுப்பு முடிந்த வயலில், வெறுங்காலில் ஆடுவார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மோதும். முதல் பரிசு ஒரு கிடா. ஜெயித்த ஊர் அதைத் தனியாகத் தின்ன முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர் ஆட்டக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். களத்தில் யார் யாரை விழுத்தினாரோ, அவர்தான் விழுந்தவருக்குப் பரிமாற வேண்டும். ஒரு வருஷப் பகையை இலையிலேயே முடித்துவிடுகிற ஏற்பாடு. நம் லீக்கில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் சில டிஃபென்டர்கள் ஆயுள் முழுக்கப் பரிமாறிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

சாம்சனுக்குச் செய்யூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அப்போது எங்கள் இடதுபக்க ஆட்டக்காரர். அந்த மோசமான சீசனில் ஒழுங்காக ஆடியவர் அவர் ஒருவர்தான். காண்ட்ராக்ட் அந்த சீசனோடு முடிகிறது. பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஒரு ஆள் கடைசி ஆட்டத்தில் அவரைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் சாம்சன். அந்த ஒரு ஆட்டத்தில் அவருக்கு எவ்வளவு இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

லீவு முடிந்து எல்லோரும் திரும்பிய காலையில் சாம்சன் கடைசியாக வந்தார். நடை சரியில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்றேன்.

"வூட்ல மாடிப்படில வழுக்கிட்டேன்க்கா. சும்மா லேசா கீது. டேப் சுத்திவுட்டா போதும்."

கணுக்கால் வீங்கித்தான் இருந்தது. படியில் கால் மடங்கினால் எப்படி இருக்குமோ, மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். அந்த அடிக்கு டேப் சுற்றி, ஐஸ் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவிடலாம். நானும் டேப்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் சாக்ஸை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினேன். இரண்டு காலிலும், கணுக்காலிலிருந்து பாதிக் கெண்டைக்கால் வரைக்கும், சுற்றிலும் மெல்லிய சிவப்புக் கீறல்கள். நான் மதுராந்தகம் பக்கத்தில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். அறுத்த நெல்லின் அடித்தாள் காலில் என்ன கோலம் போடும் என்பது எனக்குத் தெரியும். எந்த மாடிப்படியிலும் நெல் விளைவதில்லை.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "உண்மையைச் சொல்லு" என்பீர்கள். அவன் படி என்பான். நீங்கள் மறுபடி கேட்பீர்கள். அவன் படியில் எண்ணெய் கொட்டியிருந்தது என்பான். மூன்றாம் முறை கேட்டால் எண்ணெய் ஊற்றிய அத்தையின் பெயர் வரைக்கும் வந்துவிடும். பொய்யை எதிர்த்துக் கேள்வி கேட்டால் அது வளரும், அவ்வளவுதான். எனக்கு முன்னால் இங்கே பிசியோவாக இருந்த பெரியவர் கேள்வியே கேட்க மாட்டார். காலைப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவார், பேசி முடிக்கும்போது எல்லா உண்மையும் அவரிடம் இருக்கும்.

நான் குனிந்து பாதத்தை அழுத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டேன்.

"கிடா யாருக்கு?"

"நமக்குத்தான்க்கா! கடைசி நிமிஷத்துல நான் போட்ட..."

அதோடு நிறுத்திக்கொண்டார். முகத்தைப் பார்த்தேன். அந்த சீசனில் எங்களுக்கு விழுந்த எந்தக் கோலுக்கும் அவர் அப்படி முழித்ததில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். "இந்த அறைக்குள்ள சொல்றது கோச்சுக்கும் போகாது, ஓனருக்கும் போகாது. எப்படி விழுந்தன்னு சொல்லு. அது தெரியாம நான் டேப் சுத்தினா, தப்பான வியாதிக்கு மருந்து குடுத்த மாதிரி ஆயிடும்" என்றேன்.

சொன்னார். கோலை நோக்கி அடித்துவிட்டு ஊன்றிய காலோடு நின்றபோது, எதிர்ப்பக்கத்து கோல்கீப்பர் ஓடிவந்து மொத்த எடையோடு அந்தக் காலின் மேல் விழுந்தாராம். பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"யாரு அது?"

"தெரியாதுக்கா. எவனோ ஒரு குண்டன். அந்த ஊரு மாப்ள."

சொல்லும்போது சுவரைப் பார்த்தார். நான் அதை அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

படியில் மடங்கிய கால் வேறு, ஆள் விழுந்து திரும்பிய கால் வேறு. இதில் அடிபட்டது, முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளையும் கணுக்காலில் சேர்த்துப் பிடித்திருக்கிற லிகமென்ட். அது பாதி விட்டிருந்தால் ஓய்வில் சேரும். அதன்மேல் ஒரு முழு ஆட்டம் ஆடினால் மிச்சமும் விடும், அப்புறம் ஆபரேஷன், அதற்கப்புறம் ஆண்டவன். செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன், இருக்கலாம் என்றும் இல்லாமலும் இருக்கலாம் என்றும் சொன்னது. கல்யாண விஷயத்தில் என் மாமனார் மாதிரி, முடிவை நம்மிடமே விட்டுவிட்டது. அதற்காகத்தான் நம் விரல்கள் இருக்கின்றன. நான் அழுத்திப் பார்த்த இடத்தில் அவருக்கு வலித்த விதத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஆட முடியாது" என்றேன்.

மேசையில் குப்புறப் படுத்து அழுதார். "அந்த ஆளு என்னப் பாக்கத்தான்க்கா வர்றாரு. நான் இல்லன்னா வேற எவனையாவது பாத்துட்டுப் போயிடுவாரு. கீழ போற டீமுல நொண்டியப் போய் எவன் எடுப்பான்? காலு போனா போவட்டும்க்கா, இந்த ஒரு மேட்சு." அழுது முடிக்கிற வரைக்கும் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் கோச் வந்தார்.

"இன்னாம்மா, படில வுழுந்தவனுக்கு இவ்ளோ பேஜாரு பண்ற? டேப்ப சுத்து, ஊசியப் போடு, எறக்கு. அவன் இல்லாம லெஃப்ட்ல யார நிறுத்துறது, உன்னியா?"

"என்னை நிறுத்துங்க, இன்னும் நல்லா ஆடுவேன். அவன் ஆடக் கூடாது, கோச்."

"படில வுழுந்ததுக்கா?"

"எப்படி விழுந்தான்னு என்கிட்ட கேக்காதீங்க. இப்ப என்ன ஆயிருக்குன்னு கேளுங்க, சொல்றேன்."

அவர் குரல் ஏறியது. டீம் கீழே போனால் எத்தனை குடும்பம், ஓனர் கிளப்பையே மூடினால் யார் பதில் சொல்வது, எல்லாம் கேட்டார். நியாயமான கேள்விகள்தான். எனக்கும் அந்தக் கிளப்பில்தான் சம்பளம். ஆனால் அவர் கத்திக்கொண்டிருந்தபோது எனக்கு வேறு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. அரைக்கால் சட்டையைக் கழற்றியே பார்த்திராத மனிதர் அன்று முழு ட்ராக் பேண்ட் போட்டிருந்தார். எப்போதும் என் மேசை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசுகிறவர், நின்றே பேசினார். கை வலது விலாவை விட்டு இறங்கவே இல்லை. அவருடைய மாமியார் வீடு செய்யூர் பக்கம் என்பதும், போன பொங்கலுக்கு அங்கிருந்து எல்லோருக்கும் வேர்க்கடலை கொண்டுவந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாம்சனுக்குக் கொடுத்த வாக்கை மீறக் கூடாது. ஆனால் இந்த மனிதரும் என் அறைக்குள்தானே நிற்கிறார்?

டேப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னேன். "படியில அவன் மட்டும் விழலை போலிருக்கு, கோச். கூடவே ஒரு குண்டனும் விழுந்திருக்கான்."

"யாரு குண்டு? நான் இன்னா அவ்ளோ..."

கோச் மெதுவாகப் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்கு அன்று நல்ல வேலை.

"மாமியார் வூட்டுக்குப் போனேம்மா" என்றார். குரல் பாதியாகியிருந்தது. "மச்சானுங்க இட்டுகினு போயி கோல்ல நிறுத்திட்டானுங்க. அங்க மாப்ளதான் கோல்ல நிக்கணும், அப்புடி ஒரு பழக்கம். மாட்டேன்னா பொண்டாட்டி மானம் போச்சு. பாத்தா எதுர்ல இவன் வந்து நிக்கிறான். என்னப் பாத்தான், நான் அவனப் பாத்தேன். ரெண்டு பேரும் பாக்காத மாரி ஆடிகினு இருந்தோம்."

"அப்புறம்?"

"சத்தம் எனக்கும் கேட்டுச்சும்மா. எனக்குக் கீழதான் கேட்டுச்சு. காஞ்ச வயலு இல்ல, மண்ணாங்கட்டி ஒடஞ்சிருக்கும்னு நெனச்சிகினேன். காலைல வந்து படின்னு சொன்னானா, அப்பாடான்னு இருந்துச்சு. படியாவே இருந்துட்டுப் போவட்டும்னு..."

அவ்வளவு பெரிய உடம்பு மேசை மேல் உட்கார்ந்து சின்னதாகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பையனைத் தன் பிள்ளை போலப் பார்த்தவர். ஆனாலும் அவருக்கு அந்த மாடிப்படி தேவைப்பட்டது. சாம்சனுக்கும் தேவைப்பட்டது. டேப்பைக் கையில் எடுத்த நிமிஷத்தில் எனக்கும்கூட அது வசதியாகத்தான் இருந்தது. நீங்கள் வேலை செய்யப்போகும் எல்லா சீசனிலும் எல்லோருக்கும் ஒரு மாடிப்படி வேண்டியிருக்கும்.

"இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?" என்றார் கடைசியாக.

"அவன உக்கார வைங்க. ஓனர் கேட்டா என்னைக் கை காட்டுங்க. கணுக்கால் சரியில்லைன்னு நான் சொல்றேன். வயல் கதை என் வாயிலிருந்து வராது. இப்ப அந்தச் சட்டையைத் தூக்குங்க, விலாவையும் பாத்துடுவோம்."

சனிக்கிழமை ஆட்டம். சாம்சன் கட்டுப்போட்ட காலோடு கேலரியில் உட்கார்ந்திருந்தார். பெரிய கிளப்பிலிருந்து வந்த ஆள் இடைவேளைக்கு அப்புறம் எழுந்து போய்விட்டார். நாங்கள் தோற்றோம். கோல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? இடதுபக்கம்தான். சாம்சன் நிற்க வேண்டிய இடம் வழியாக, வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது. கீழ்ப்பிரிவுக்குப் போனோம்.

சரியான முடிவு எடுத்தால் சரியான பலன் வரும் என்று உங்கள் கல்லூரியில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், அவர்கள் மைதானத்துப் பக்கமே வந்ததில்லை. சாம்சன் ஆடியிருந்தால் தப்பித்திருப்போமா என்று அடுத்த ஒரு வருஷம் டீக்கடை வரைக்கும் என்னைக் கேட்டார்கள். தப்பித்திருக்கலாம், எனக்குத் தெரியாது. மறுபடி அதே காலைக் காட்டினால் மறுபடி அதையேதான் சொல்வேன்.

அன்று சாயங்காலமே ஓனர் கூப்பிட்டு விசாரித்தார். நான் கணுக்கால் என்றேன். எப்படி என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கோச், யாரும் கேட்காமலே, எல்லாவற்றையும் கொட்டினார். "ரூலு போட்டது நான், மீறுனதும் நான். அவன் காண்ட்ராக்ட்ட கிழிக்கணும்னா மொதல்ல என்னுத கிழிங்க. காலு சேர்ற வரைக்கும் அவன வெளிய அனுப்பக் கூடாது. அனுப்புனா நானும் அவங்கூடவே போறேன்." கீழ்ப்பிரிவுக்குப் போன டீமுக்கு இன்னொரு கோச் எங்கே கிடைப்பார் என்று ஓனர் யோசித்திருக்க வேண்டும். ஒருவரையும் அனுப்பவில்லை. சாம்சனுக்கு அதே கிளப்பில் இன்னொரு வருஷம் கிடைத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கிடா விருந்து. எனக்கும் அழைப்பு. தோற்றுப்போன முகத்தோடு எப்படிப் போவது என்று தயங்கிக்கொண்டேதான் போனேன். சாம்சன் பந்தியில் உட்கார்ந்திருந்தார், கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு. எதிரே கோச், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கறி வாளியோடு நின்றார். பழக்கம் பழக்கம்தானே, விழுத்தியவர்தான் பரிமாற வேண்டும். மாமியார் ஊர்க்காரர்கள் விட்டுவைக்கவில்லை. "மாப்ள, பந்தப் புடின்னு நிறுத்துனா ஆளப் புடிச்சிட்டியே!" என்று ஒரு குரல் வந்தது. சாம்சனின் அம்மா இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "எம்புள்ள கால ஒடச்ச ஒடம்பு சார் உங்களுது. நல்லா நெறையவே போடுங்க, எலும்பா பாத்துப் போடுங்க."

கோச் போட்டார். கரண்டியை வாளியில் வைத்துவிட்டு நகராமல் நின்றார். சாம்சன் நிமிர்ந்து பார்த்தார்.

"கோச், அது கோலுதான?"

அந்தக் கடைசி கோல், கோல்கீப்பர் விழுவதற்கு முன்னால் உள்ளே போனதா, பின்னால் போனதா என்று இரண்டு ஊரும் ஒரு வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"கோலுதான்டா" என்றார் கோச், மாமியார் ஊர் மொத்தமும் கேட்க. "நான் வுழுறதுக்கு முன்னாடியே பந்து உள்ள பூட்ச்சி." அவர் கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காரம் என்று சொன்னார். சரி, அவருக்கும் ஒரு மாடிப்படி.

அந்தக் கால் பொறுமையாகச் சேர்ந்தது. கீழ்ப்பிரிவிலிருந்து இந்த கிளப் மறுபடி மேலே வந்தது யார் காலில் என்பது வாசலில் மாட்டியிருக்கும் போட்டோவில் இருக்கிறது, போகும்போது பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். மெஷின் எல்லாம் நல்ல மெஷின், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் சிகிச்சை அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. யாராவது உள்ளே வந்து படி என்று சொன்னால், முதலில் கதவைச் சாத்துங்கள். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகாது என்று அவனுக்குத் தெரிகிற வரைக்கும், அவன் காட்டுகிற காலும் பொய் சொல்லும். அப்புறம் முடிவைச் சொல்லிவிட்டு, டீம் தோற்றால் வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு, மறுநாளும் வேலைக்கு வாருங்கள்.

பேச்சு முடிந்தது. சர்க்கரை போட்ட டீ இன்னும் வரவில்லை.

அதற்குள் ஒரு சின்ன செய்முறைப் பயிற்சி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கதவைச் சாத்துங்கள். சாம்சன், அந்த ட்ராக் பேண்டைக் கொஞ்சம் மேலே தூக்கு. கோச்சாகிவிட்டால் நெல்தாள் கீறாதா? இன்னும் மேலே. நான் பார்க்க வேண்டியது அன்று காப்பாற்றிய என் கணுக்காலை.

நல்லா இருக்கு. நல்லாவே இருக்கு.

சரி, இந்த வருஷம் கிடா யாருக்கு?